ஒச்சாயி கம்ப்யூட்டருக்குத் தைத்த கவுன்

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், முனையில் பிரியாணிக் கடை இருக்கிற சந்துக்குள் போய், கம்ப்யூட்டரைப் பற்றி யாரிடம் என்ன சந்தேகம் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். "ஒச்சாயி அக்காட்ட கேளுங்க." பூட்டுக் கடைக்காரர் சொல்வார், மருந்துக் கடைக்காரர் சொல்வார், டீக்கடை பாக்கியராஜ் நாம் கேட்காமலேயே சொல்வார். கம்ப்யூட்டரைப் பிரித்துப் பார்த்துச் சரி செய்யத் தெரிந்த ஆள் அதே சந்தில் ஒருத்தி இருந்தாள். ஒச்சாயியின் எதிர்க்கடை நஸீரா. ஆனால் அவளிடம் போங்கள் என்று யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். ஒச்சாயி காதில் விழுந்தால் அப்புறம் அவள் முகத்தில் விழிக்க முடியாது.

ஒச்சாயிக்கு நாற்பத்தொன்பது வயது. ரெட்டியார்சத்திரம் பக்கம் ஒரு கிராமம். கணவர் சுருளிவேல் தக்காளியும் கத்தரியும் போடுகிறவர். கல்யாணத்துக்கு முன் தையல் படித்தாள். பிறகு திண்டுக்கல்லில் ஒரு ஜெராக்ஸ் கடையில் ஆறு வருஷம் நின்று, முதலாளி சாப்பிடப் போகிற நேரத்தில் கீபோர்டைத் தட்டித் தட்டிப் பழகினாள். எட்டு வருஷத்துக்கு முன்னால் சொந்தமாக ஒரு கம்ப்யூட்டர் வாங்கிக் கடை திறந்து, பலகையில் 'ஒச்சாயி ஆன்லைன் சென்டர்' என்று எழுத வைத்தாள். பலகையைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. "ஒச்சாயிங்கறது எங்க குலசாமி பேரு. சிரிக்கிறவுக வேற கடைக்குப் போகலாம்" என்று அவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பினாள். சிரிப்பு அவளுக்கு ஆகாது. திட்டினால்கூட ரெண்டு நாளில் மறந்துவிடுவாள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு அவளைக் கேலி செய்வதற்கு எனக்கும் கொஞ்சம் உரிமை கிடைக்கும். விண்ணப்பம் போடுவதில் ஒச்சாயியை அடித்துக்கொள்ள அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. எந்தச் சான்றிதழில் எந்தத் தேதி இருக்க வேண்டும், போட்டோவை எவ்வளவு சின்னதாக்கினால் ஏற்றுக்கொள்ளும், கையெழுத்தை நீல மையில் போட்டால் எந்தப் பக்கத்தில் முரண்டு பிடிக்கும், எல்லாம் விரல் நுனியில். அவள் போட்ட விண்ணப்பம் எதுவும் தவறு என்று திரும்பி வந்ததில்லை. அதனால்தான் ஜனங்கள் அவளை நம்பினார்கள். விண்ணப்பத்தில் அவளை நம்பியவர்கள் கம்ப்யூட்டரிலும் நம்பினார்கள் பாருங்கள், கோளாறு அங்கேதான் ஆரம்பம்.

கம்ப்யூட்டரைப் பற்றி ஒச்சாயி தனியாக ஒரு சாஸ்திரமே வைத்திருந்தாள். காலையில் வந்து உட்கார்ந்ததும் மௌஸின் வலப்பக்கத்தை அமுக்கி 'ரிஃப்ரெஷ்' என்பதைப் பதினொரு தடவை தட்டுவாள். பன்னிரண்டாகவும் ஆகாது, பத்தாகவும் குறையாது. "மூஞ்சி கழுவி விடுறேன். தூக்கக் கலக்கத்துல வேலை செய்யுமா?" என்பாள். திரையில் உள்ள படங்கள் ஒரு தரம் கண்ணைச் சிமிட்டிவிட்டுப் பழைய இடத்திலேயே நிற்கும். ஒச்சாயிக்கு அது தெளிந்த முகமாகத் தெரியும்.

திரையில் முருகன் படம் வைத்திருந்தாள். சாமியை மறைக்கக் கூடாது என்பதால் எந்தப் பக்கத்தையும் முழுசாக விரிக்க மாட்டாள். வேல் தெரிகிற அளவுக்காவது ஓரத்தில் இடம் விடுவாள். திறந்த பக்கத்தை மூடவும் மாட்டாள். வந்தவரை வாசலைச் சாத்தி அனுப்புவது மாதிரி இருக்கிறது என்று அதைக் கீழே இறக்கி வைத்துவிடுவாள். அப்படி இறக்கி வைத்த பக்கங்கள் அறுபதோ எழுபதோ இருக்கும். கண்ணுக்குத் தெரியாதது ஓடாது என்பது அவள் கணக்கு. அத்தனையும் உள்ளே உட்கார்ந்து கம்ப்யூட்டரின் உயிரை வாங்கிக்கொண்டிருந்தன.

வைரஸைப் பிடிக்க ஆண்டிவைரஸ் என்று மூன்று காவல்காரர்களைப் போட்டிருந்தாள். "ஒருத்தன் அசந்தா இன்னொருத்தன் பாப்பான்ல." அந்த மூன்று பேரும் திருடனை விட்டுவிட்டு ஒருவனை ஒருவன் சந்தேகப்பட்டுச் சோதனை போட்டுக்கொண்டே இருந்தார்கள். இது போதாதென்று, எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்ட ஒரு 'வேகம் கூட்டும்' மென்பொருள். தினமும் ஆயிரத்து நானூற்றுச் சொச்சம் பிழைகள் இருப்பதாகச் சிவப்பில் காட்டும். பட்டனைத் தட்டினால் எல்லாம் சரியாகிவிட்டதாகப் பச்சையில் காட்டும். மறுநாள் மறுபடியும் ஆயிரத்து நானூற்றுச் சொச்சம். தினம் பெருக்கினாலும் வாசலில் தூசி சேரத்தானே செய்யும் என்று ஒச்சாயி அதை மனப்பூர்வமாக ஒப்புக்கொண்டாள். தனி ஆள் போட்டோவைவிடக் கல்யாணத்தில் எடுத்த குடும்பப் போட்டோ கனம் கூடுதல் என்றும், அதனால்தான் கல்யாண சீசனில் கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுகிறது என்றும் மருந்துக் கடைக்காரரிடம் விளக்கியிருக்கிறாள். அவரும் தலையாட்டியிருக்கிறார்.

ஓய்வு விஷயத்தில் அவள் கறார். மதியம் ஒன்று முதல் ஒன்றரை வரை யார் வந்தாலும் வேலை கிடையாது. "வாயில்லாத ஜீவன். செத்த நேரம் படுக்கட்டும்" என்று மானிட்டர் பட்டனை அமுக்கித் திரையை இருட்டாக்குவாள். சாயங்காலமும் அவ்வளவுதான். மேஜைக்குக் கீழே இருக்கும் சிபியு பெட்டியை அவள் நிறுத்துவதே இல்லை. நிறுத்தி நிறுத்திப் போட்டால் ஆயுசு குறையும் என்று விற்றவன் சொல்லியிருந்தானாம். ஆக, ஓய்வெல்லாம் திரைக்கு மட்டும்தான். பெட்டி ராப்பகலாக விழித்துக் கிடந்தது. மாதம் ஒரு நாள் பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்துவார்களே, அன்றைக்கு மட்டும் யுபிஎஸ்ஸும் தீர்ந்து பெட்டி தானாக அணையும். மறுநாள் காலையில் ஓட்டமாக ஓடும். ஒச்சாயி இதைக் கவனிக்காமல் இல்லை. "நேத்துக் கம்பியெல்லாம் சுத்தம் பண்ணிருக்காக. புதுக் கரண்டு வருதுல்ல" என்று சந்து முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். ஒரு தரம் நிறுத்திப் போட்டதால் வந்த வேகம் அது என்று கண்டுபிடிக்க அவளுக்கு அரை அடி தூரம்தான் பாக்கி. அந்த அரை அடியை எட்டு வருஷமாக அவள் தாண்டவில்லை.

இதற்கெல்லாம் மகுடம் அந்தக் கவுன்.

சந்தில் எந்நேரமும் புழுதி. பெட்டிக்குள் தூசி போகக் கூடாது என்று தையல்காரி மூளை வேலை செய்தது. தன் பழைய ஊதாப் பூப்போட்ட சுங்குடிச் சேலையை வெட்டி, உள்ளே லைனிங் கொடுத்து, கழுத்தில் நாடா, கீழே சுருக்கம் வைத்த ஃப்ரில், முன்னால் ஒரு பாக்கெட் என்று பெட்டிக்கு அளவெடுத்து ஒரு கவுன் தைத்தாள். பாக்கெட்டில் மஞ்சள் கயிறு. நிறுத்திய பிறகு போர்த்துவது என்றால் பரவாயில்லை. ஓடும்போதும் கவுன் இடுப்பை விட்டு இறங்காது. பெட்டி உள்ளே புழுங்கி வெந்தது. பூட்டுக் கடைக்காரர் பார்த்து ஆசைப்பட்டார், அவருக்கு ஒன்று தைத்துக் கொடுத்தாள். பிறகு மருந்துக் கடை, ஸ்டுடியோ, பாத்திரக் கடை என்று மொத்தம் ஒன்பது கவுன்கள் போயின. காசு வாங்க மாட்டாள். ஒவ்வொரு பெட்டிக்கும் வேறு வேறு பூப்போட்ட துணி. அந்தச் சந்துக் கம்ப்யூட்டர்கள் அத்தனையும் சடங்கு வீட்டுக்குக் கிளம்பியவை மாதிரி உட்கார்ந்திருந்தன.

கவுன் வருஷம் முழுக்க. வெள்ளிக்கிழமை என்றால் கூடவே சாம்பிராணி. காலையில் கடையைக் கூட்டி, சாமி படத்துக்கும் கல்லாவுக்கும் புகை காட்டிவிட்டு, ஒச்சாயி மேஜைக்குக் கீழே குனிவாள். கவுனின் பின்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கிப் பிடிப்பாள். உள்ளே ஓடுகிற விசிறி புகையை அப்படியே இழுக்கும். "பாரு, எம்புட்டு ஆசையா வாங்குது" என்று அவளுக்குக் கண் கலங்கும். எட்டு வருஷம், ஒரு வெள்ளி தவறாமல்.

நஸீராவோடு பேச்சு நின்றது இந்தக் கவுனால்தான். நஸீராவுக்கு முப்பது வயது இருக்கும். பேகம்பூர்ப் பெண். அண்ணனோடு சேர்ந்து கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தாள். மூன்று வருஷத்துக்கு முன் ஒருநாள் ஒச்சாயியின் கம்ப்யூட்டர் படுத்துக்கொள்ள, எதிர்க்கடைதானே என்று அவளைக் கூப்பிட்டாள். வந்தவள் மேஜைக்குக் கீழே குனிந்தாள். கவுனைப் பார்த்தாள். ஃப்ரில்லைப் பார்த்தாள். பாக்கெட்டையும் பார்த்ததும் தரையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தவள், பாக்கியராஜ் டீக்கிளாஸோடு ஓடி வந்து எட்டிப் பார்க்கிற வரைக்கும் சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அக்கா, இதைக் கழட்டுங்க. சாம்பிராணியத் தள்ளி வச்சுக் காட்டுங்க. வாரம் ஒருவாட்டியாச்சும் நிறுத்திப் போடுங்க" என்று மூன்று நல்ல வார்த்தை சொன்னாள். அதற்குள் பெட்டி தானாக ஆறி ஓட ஆரம்பித்துவிட்டதால் மூன்றும் ஒச்சாயி காதில் ஏறவில்லை. சிரிப்பு மட்டும் ஏறி உட்கார்ந்துகொண்டது. அன்றிலிருந்து ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால், "எதுத்தாப்புல உள்ளவங்களுக்குப் பார்சல் வந்துருக்குன்னு சொல்லுங்க" என்று பாக்கியராஜ் வழியாகத்தான் போகும். பத்தடி அகலச் சந்துக்கு அவர் ஒரு தபால்காரர்.

இப்படி எல்லாம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தபோதுதான் அன்புக்கரசியின் விண்ணப்பம் வந்தது.

அன்புக்கரசி ஒச்சாயியின் பஸ் சினேகிதி. அவள் வீட்டில் மல்லிகைத் தோட்டம். விடிய விடியப் பூப்பறித்து, திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் இறக்கிவிட்டுத் திரும்புகிறவள். டிகிரி படித்தவள், படித்தது பூக்காம்போடு போய்விட்டது என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். ஒரு அரசு வேலைக்கு அறிவிப்பு வந்திருந்தது. மாவட்டத்துக்குள்ளேயே வேலை. அடுத்த அறிவிப்பு எப்போது வருமோ, வரும்போது அவளுக்கு வயது தாண்டியிருக்கும். இந்தத் தரம் போட்டால் உண்டு, இல்லையென்றால் இனிக் கிடையாது. செவ்வாய்க்கிழமையே எல்லாச் சான்றிதழையும் மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு கடைக்கு வந்துவிட்டாள்.

ஒச்சாயி சான்றிதழ்களை ஸ்கேன் செய்தாள், போட்டோவைச் சின்னதாக்கினாள், கையெழுத்து வாங்கினாள். அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. அப்போதுதான் அந்த யோசனை சொன்னாள்.

"இன்னைக்கு வேணாம்த்தா. வெள்ளிக்கிழமை வா. சாம்பிராணி போட்ட அன்னைக்கு மெஷினு துப்புரவா இருக்கும், ராசியும் நல்லா இருக்கும்."

"வெள்ளிக்கிழமைதானேக்கா கடைசி நாளு. சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும்தான்னு போட்ருக்கு."

"அஞ்சு மணி கெடக்கு. நான் பன்னெண்டுக்குள்ள போட்டு விட்டுருவேன். எங்கிட்ட வந்து ஏதாச்சும் தப்பிப் போயிருக்கா?"

தப்பிப் போனதில்லை. அன்புக்கரசி சரியென்று போனாள்.

வெள்ளிக்கிழமை ஒச்சாயி வழக்கத்தைவிட ஒரு கைப்பிடி சாம்பிராணி கூடுதலாகப் போட்டாள். வைகாசி வெயில். தகரக் கூரை பத்து மணிக்கே அனலைக் கக்கியது. கவுனைத் தூக்கிப் பின்னால் புகை காட்டும்போது உள்ளே விசிறி இருமுவது மாதிரி ஒரு சத்தம் வந்தது. "இன்னிக்குப் பசி சாஸ்தி போல" என்று இன்னும் கொஞ்ச நேரம் காட்டினாள்.

மார்க்கெட்டில் நேரமாகி அன்புக்கரசி பதினொன்றரைக்கு வந்தாள். பக்கம் திறக்கவே கால் மணி நேரம் ஆனது. பெயர், ஊர், படிப்பு என்று ஒவ்வொரு கட்டமாக ஏறிக்கொண்டிருந்தபோது திரை உறைந்து நின்றது. மௌஸை ஆட்டினால் அம்புக்குறி அசையவில்லை. ஒச்சாயி பதினொரு ரிஃப்ரெஷ்ஷுக்கு வழி தேடினாள். அதற்கும் அம்புக்குறி வேண்டுமே. ஒரு வழியாக அசைந்ததும் பச்சைப் பட்டனைத் தட்டி ஆயிரத்து நானூற்றுச் சொச்சம் பிழைகளையும் துடைத்தாள். மணி ஒன்று. அன்றைக்கும் ஓய்வு நேரத்தை அவள் விடவில்லை என்றால் நம்புவீர்களா? திரையை இருட்டாக்கிவிட்டு இரண்டு பேரும் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். அன்புக்கரசிக்கு இரண்டு கவளத்துக்கு மேல் இறங்கவில்லை. பெட்டி கவுனுக்குள் வெந்துகொண்டிருந்தது.

ஒன்றரைக்கு மறுபடி ஆரம்பித்தார்கள். மூன்று மணிக்குப் போட்டோ ஏறியது. மூன்றரைக்கு விண்ணப்பப் பக்கமே அவர்களை வெளியே தள்ளியது, மறுபடி முதல் கட்டம். கடைசி நாள் கூட்டத்தில் அந்தப் பக்கமும் மெதுவாகத்தான் ஓடுகிறது என்று ஒச்சாயி சொன்னாள், அதிலும் கொஞ்சம் உண்மை இருந்தது. அன்புக்கரசி எழுந்து போய் மெயின் ரோட்டில் இருக்கும் இன்னொரு சென்டரைப் பார்த்துவிட்டு வந்தாள். வரிசை படிக்கட்டைத் தாண்டி ரோட்டுக்கு வந்திருந்தது. சந்தில் மற்றக் கடைக் கம்ப்யூட்டர்கள் கணக்குக்கும் போட்டோ வேலைக்கும்தான், நெட் இணைப்பு கிடையாது. மணி நான்கடிக்க ஐந்து நிமிஷம் இருந்தபோது 'டக்' என்று ஒரு சத்தம். திரை கறுத்தது. ஒச்சாயி குனிந்து பட்டனை அமுக்கினாள். பெட்டி உயிர் வந்து, ஒரு நிமிஷம் ஓடி, மறுபடி செத்தது. இன்னொரு தரம் அமுக்கினாள். அரை நிமிஷம்தான் ஓடியது.

அன்புக்கரசி சத்தம் போட்டிருந்தால் ஒச்சாயிக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவள் மஞ்சப்பையை மடியில் வைத்துக்கொண்டு, பூக்காம்புக் கறை படிந்த விரல்களால் அதன் காதை முறுக்கினாள். "அம்புட்டுத்தானாக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

ஒச்சாயி பட்டனை விட்டு நிமிர்ந்தாள். செவ்வாய்க்கிழமையே போட்டிருக்கலாம். அன்றைக்கு மெதுவாகவாவது ஓடிக்கொண்டுதான் இருந்தது. வெள்ளிக்கிழமை வா என்று சொன்னது இந்த வாய்.

பாக்கியராஜ் வாசலில் நின்று, "எதுத்தாப்புல போய்ச் சொல்லவாக்கா?" என்றார்.

"வேணாம். நானே போறேன்."

மூன்று வருஷத்தில் முதல் தடவையாக ஒச்சாயி அந்தப் பத்தடியைத் தாண்டினாள். நஸீரா ஏதோ ஒரு சர்க்யூட் பலகையில் குனிந்து ஈயம் பற்றவைத்துக்கொண்டிருந்தாள். சுற்றிலும் பிரித்துப் போட்ட கம்ப்யூட்டர்களின் எலும்பும் தோலும். ஒச்சாயி வாசலில் நின்றே சொன்னாள்.

"ஏம்மா நஸீரா. மெஷினு நின்னு போச்சு. அந்தப் பிள்ளைக்கு அஞ்சு மணிக்குள்ள விண்ணப்பம் போகணும். போகலைன்னா இனிமே அதுக்குப் போடவே முடியாது."

நஸீரா ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. சூட்டுக்கோலை வைத்தாள். "என் லேப்டாப்பை அண்ணன் மதுரைக்கு எடுத்துட்டுப் போயிருச்சுக்கா. இல்லன்னா இங்கயே போட்ருக்கலாம். வாங்க, உங்களதையே பாப்போம்" என்று சொல்லிக்கொண்டே தூசி ஊதும் ப்ளோயரை எடுத்துக்கொண்டு சந்தைத் தாண்டினாள்.

மேஜைக்குக் கீழே குனிந்தவள் கவுனைப் பார்த்தாள். மூன்று வருஷத்தில் ஃப்ரில்லின் கீழே ஒரு சரிகைக்கரை வேறு சேர்ந்திருந்தது. ஒச்சாயி அவள் முகத்தையே பார்த்தாள். சிரித்தால் தாங்கிக்கொள்வது என்று பல்லைக் கடித்து நின்றாள். நஸீரா சிரிக்கவில்லை. "நீங்களே கழட்டுங்கக்கா" என்றாள்.

ஒச்சாயி நாடாவை அவிழ்த்தாள்.

பெட்டியைத் தொட முடியவில்லை, தோசைக்கல்லாகக் கொதித்தது. வயர்களைப் பிடுங்கி, வாசலுக்குத் தூக்கி வந்து, பக்கத் தகட்டைத் திருகிக் கழற்றினாள் நஸீரா. குப்பென்று சாம்பிராணி மணம். சந்தில் போனவர்கள் கோயில் ஏதும் திறந்திருக்கிறார்களோ என்று திரும்பிப் பார்த்தார்கள். உள்ளே விசிறியின் இறக்கைகள் தெரியவில்லை. எட்டு வருஷப் புகைப் பிசினும் சேலை நூலும் சேர்ந்து, கறுப்பாக, எண்ணெய் பிடித்த விளக்குமாடம் மாதிரி அப்பிக் கிடந்தது. காற்று போக ஒரு ஊசித் துவாரம் இல்லை.

"இதுதான்க்கா. உள்ள சூடு ஏறுனா அது தன்னைக் காப்பாத்திக்கிறதுக்காக முதல்ல மெதுவா ஓடும். அப்பவும் ஆறலைன்னா நின்னுரும்."

"சாமிக்குப் போடுற புகைம்மா அது" என்றாள் ஒச்சாயி.

"எங்க வீட்லயும்தான்க்கா போடுறோம். அம்மா வீடு முழுக்கக் காட்டும். மூக்குக்குள்ள வச்சு ஊதுமா?"

பிரஷ்ஷால் சுரண்டி, ப்ளோயரை வைத்து அடித்தாள். எழும்பிய கறுப்புப் புழுதியில் பாக்கியராஜின் பால் பாத்திரத்துக்கு அவசரமாக மூடி போட வேண்டியதாயிற்று. மணி நான்கு இருபத்தெட்டு. பெட்டியை உள்ளே கொண்டுபோய்க் கவுன் இல்லாமல், சுவரிலிருந்து தள்ளி வைத்து மாட்டினாள். பெட்டி உயிர் வந்தது. விசிறிச் சத்தம் மெல்லிசாக, இழுவை இல்லாமல் கேட்டது. நஸீரா கடகடவென்று மூன்று காவல்காரர்களில் இரண்டு பேரை வேலையை விட்டு அனுப்பினாள். பச்சைப் பட்டன்காரனைக் கேள்வி கேட்காமல் தூக்கினாள். "பழைய பக்கத்தையெல்லாம் மறுபடி தொறக்கவான்னு கேக்குது. வேணாம். ஒண்ணே ஒண்ணு தொறங்க, போதும்" என்று எழுந்து நாற்காலியை விட்டாள்.

ஒச்சாயி உட்கார்ந்தாள். கை தானாக மௌஸின் வலப்பக்கத்துக்குப் போனது. நஸீரா பார்த்தாள். கை திரும்பி வந்தது.

அதற்குப் பிறகு நடந்ததைப் பார்த்திருக்க வேண்டும். அவளைப் பற்றிக் கெட்டதையெல்லாம் சொல்லிவிட்டேன், இதையும் சொல்ல வேண்டும். முப்பது கட்டங்கள். எதிரே இருந்த தாள் எதையும் அவள் பார்க்கவில்லை. செவ்வாய்க்கிழமை ஒரு தரம் படித்ததெல்லாம் தலையில் இருந்தது. பதிவு எண், தேர்ச்சி பெற்ற மாதம், சான்றிதழ் தேதி என்று விரல் நிற்காமல் ஓடியது. நஸீராவே வாயைப் பிளந்துவிட்டாள். நடுவில் ஓரிடத்தில் மட்டும் ஒச்சாயி நிறுத்தி, "ஏத்தா, பிளஸ் டூ எந்த மீடியம்?" என்று கேட்டாள். போட்டோ ஏறியது. கையெழுத்து ஏறியது. ஓடிபி எண் அன்புக்கரசியின் போனில் வந்தபோது மணி நான்கு ஐம்பத்தொன்று. அவளால் எண்ணைப் படித்துச் சொல்ல முடியவில்லை, போனையே நீட்டினாள். நான்கு ஐம்பத்து மூன்றுக்கு விண்ணப்ப எண் திரையில் வந்தது. முருகன் முழுசாக மறைந்திருந்தார். யாரும் கவனிக்கவில்லை.

அன்புக்கரசி அழுதாள். ஒச்சாயியும் அழுதிருப்பாள், நஸீரா நின்றதால் மூக்கை உறிஞ்சிக்கொண்டு பிரிண்ட் எடுக்கப் போனாள்.

ஆறு மணி டவுன் பஸ்ஸில் இருவரும் ஒரே இருக்கையில் உட்கார்ந்தார்கள். பஸ்ஸில் தெரிந்த முகங்கள் நிறைய. விஷயம் எப்படியோ ஏறியிருந்தது. கடைசி நிமிஷத்தில் போட்டுவிட்டார்களாமே என்று முன் இருக்கைப் பெண்கள் திரும்பிக் கேட்டார்கள். அன்புக்கரசி முகமெல்லாம் பல்லாக, "எல்லாம் ஒச்சாயக்கா ராசி. வெள்ளிக்கிழமை சாம்பிராணி போட்டுட்டுத்தான் போடணும்னு சொன்னாங்க. பாருங்க, போயிருச்சு" என்றாள்.

எட்டு வருஷத்துப் பெருமை தட்டில் வைத்து நீட்டப்பட்டிருந்தது. ஒச்சாயி சும்மா தலையாட்டியிருந்தால் போதும். நஸீரா இந்த பஸ்ஸில் வரப்போவதில்லை, பாக்கியராஜும் இல்லை. ரெட்டியார்சத்திரம் வரைக்கும் ஒரு கம்ப்யூட்டர் தெரிந்தவர் கிடையாது.

ஒச்சாயி ஜன்னல் கம்பியை விட்டு முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"ராசியும் இல்ல ஒண்ணுமில்ல" என்றாள், முன் இருக்கைக்கும் கேட்கிற மாதிரி. "என் சாம்பிராணிதான் இந்தப் பிள்ளை பொழப்பக் கெடுக்கப் பாத்துச்சு. செவ்வாக்கெழமையே போட வேண்டியதை நான்தான் இழுத்து விட்டேன். எதுத்த கடை நஸீரா இல்லைன்னா போயிருக்கும். அம்புட்டுத்தான்."

அன்புக்கரசி அவளைப் பார்த்தாள். மஞ்சப்பைக்குள் கையை விட்டு, மதியம் சாப்பிடாமல் வைத்திருந்த வாழைப்பழத்தை எடுத்துப் பாதி பிட்டுக் கொடுத்தாள்.

மறுநாள் சனிக்கிழமை, கடையைத் திறந்ததும் ஒச்சாயி உட்காரவில்லை. ஒரு பையை எடுத்துக்கொண்டு பூட்டுக் கடையில் ஆரம்பித்தாள். ஸ்டுடியோ, பாத்திரக் கடை என்று ஒவ்வொன்றாக ஏறி இறங்கி, தான் தைத்துக் கொடுத்ததைத் தானே கேட்டு வாங்கினாள். "மெஷினு ஓடுறப்ப எதையும் போத்தாதீக. காத்து போகணும். ராத்திரி நிறுத்திட்டுப் போங்க, ஆயுசெல்லாம் கொறையாது." மருந்துக் கடைக்காரர் லேசில் விடவில்லை.

"நீங்க சொல்லித்தானேக்கா போட்டோம்?"

"ஆமா, நான்தான் சொன்னேன். தப்பாச் சொன்னேன். இப்ப நான்தான் சொல்றேன், கழட்டுங்க."

அந்தச் சந்தில் யாரும் ஒச்சாயி வாயிலிருந்து 'தப்பு' என்ற சொல்லைக் கேட்டதில்லை. மருந்துக் கடைக்காரர் மறுபேச்சில்லாமல் கழற்றிக் கொடுத்தார்.

ஒன்பதும் சேர்ந்ததும் தன் ஊதாப்பூக் கவுனையும் மேலே வைத்துக்கொண்டு எதிர்க்கடைக்குப் போனாள். பாக்கியராஜ் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். ஒச்சாயி பையை நஸீராவின் மேஜையில் கவிழ்த்தாள். நாடாவும் ஃப்ரில்லும் சரிகைக்கரையும் பாக்கெட்டுமாகப் பத்துக் கவுன்கள் பிரித்துப் போட்ட கம்ப்யூட்டர்கள் மேல் சரிந்தன.

"துடைக்கிறதுக்கு வச்சுக்க. நல்ல துணி, சாயம் போகாது."

நஸீரா ஊதாப்பூக் கவுனைக் கையில் எடுத்தாள். உதட்டை உள்ளே இழுத்து இறுக்கிக்கொண்டாள். கழுத்து நரம்பு புடைத்தது. கண்ணில் நீர் கோத்துவிட்டது, ஆனாலும் அடக்கிக்கொண்டே நின்றாள்.

"சிரிக்கிறதுன்னா சிரிச்சுத் தொலையேன்" என்றாள் ஒச்சாயி.

நஸீரா தலையை ஆட்டி மாட்டேன் என்றாள். ஒச்சாயி அந்தக் கவுனைப் பார்த்தாள், அதன் பாக்கெட்டைப் பார்த்தாள். கம்ப்யூட்டர் எதை எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொள்ளும் என்று அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். முதலில் சிரித்தது ஒச்சாயிதான்.